இத்தாலி, ஜெர்மனி, ஜப்பான்: ஒரே போரில் மூன்று கொடி கண்ட நீர்மூழ்கி

"போரில் பிடிபடும் நீர்மூழ்கிக் கப்பலை, பிடித்த நாடே தன் கொடியை ஏற்றி ஓட்டியது உண்டா? ஓட்டியதில் பலன் ஏதும் கிடைத்ததா?" என்பது கேள்வி.

உண்டு. இரண்டாம் உலகப் போரில் மட்டும் ஒரு டஜனுக்கு மேல் தேறும். பலன் கிடைத்ததா என்றால், சண்டையைப் பொறுத்தவரை ஏறக்குறைய இல்லை. இதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கப்பலின் கதை போதும். இத்தாலியின் கோமாண்டான்டே கப்பெல்லினி. 1940இல் இத்தாலிக் கப்பலாகப் போருக்குப் போனது. 1943இல் ஜெர்மன் கப்பல் ஆனது, 1945இல் ஜப்பானியக் கப்பல் ஆனது. இத்தாலிக் கொடியின் கீழ் அது மூழ்கடித்தவை 5 கப்பல்கள், மொத்தம் 31,648 டன். கொடி மாறிய பிறகு மூழ்கடித்தது ஒன்றுகூட இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கப்பலை எதிரி பிடிக்கவில்லை. இரண்டு தடவையும் பிடித்துக்கொண்டது கூட்டாளிதான். நேற்றுவரை ஒரே துறைமுகத்தில் பக்கத்தில் கட்டி நின்றவர்கள், மறுநாள் துப்பாக்கியோடு ஏறி வந்தார்கள்.

கப்பெல்லினி, மார்ச்செல்லோ வகையைச் சேர்ந்தது. லா ஸ்பெசியாவுக்குப் பக்கத்தில் முஜ்ஜியானோ கப்பல்தளத்தில் கட்டி, 1939 மே மாதம் தண்ணீரில் இறக்கினார்கள். நீளம் 73 மீட்டர். மேலே மிதக்கும்போது ஆயிரம் டன்னுக்குச் சற்று அதிகம். முன்னால் 4, பின்னால் 4 என்று 8 டார்பிடோக் குழாய்கள், மேல்தளத்தில் 100 மி.மீ. பீரங்கிகள் இரண்டு. 1866இல் லிஸ்ஸா கடற்போரில் தீப்பிடித்த தன் கப்பலை விட்டு இறங்க மறுத்து அதோடு மாண்ட அல்ஃப்ரெடோ கப்பெல்லினி என்ற அதிகாரியின் பெயரை வைத்தார்கள். அந்தக் கால நீர்மூழ்கிகளை இன்றைய அணுசக்திக் கப்பல்களோடு சேர்த்து நினைக்கக்கூடாது. பெரும்பாலான நேரம் நீருக்கு மேலேதான் டீசல் எஞ்சினில் ஓடும். ஆபத்து வந்தால்தான் முங்கும். முங்கியபின் பேட்டரி. பேட்டரி தீர்ந்தால் மேலே வந்தே ஆகவேண்டும். எஞ்சினும் பேட்டரியும்தான் இதன் உயிர்நாடி. பின்னால் கொடி மாறிய கதையில் இந்த இரண்டும் திரும்பத் திரும்ப வரும்.

தொடக்கம் அவ்வளவு சிறப்பாக இல்லை. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் அட்லாண்டிக்குக்குப் போகக் கிளம்பிய கப்பல், ஜிப்ரால்டர் பக்கம் ஆங்கிலேயர்கள் துரத்தியதால் ஸ்பெயின் கைவசம் இருந்த சேவுட்டா துறைமுகத்தில் போய் ஒதுங்கியது. அங்கிருந்து நழுவி ஊர் திரும்பியது. அப்புறம்தான் சல்வத்தோரே தோதாரோ கேப்டனாக வந்தார்.

இந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். 1933இல் ஒரு விமான விபத்தில் முதுகெலும்பில் அடிபட்டு, அன்றிலிருந்து உடம்பைச் சுற்றி இரும்புக் கச்சை கட்டிக்கொண்டு நடமாடியவர். நீர்மூழ்கியின் குறுகிய ஏணியில் ஏறி இறங்குவது நல்ல உடம்புக்காரனுக்கே கஷ்டம். 1940 அக்டோபர் நடுவில், இரவில், மதீரா தீவுக்கு அப்பால் கபாலோ என்ற பெல்ஜியச் சரக்குக் கப்பலை அவர் சந்தித்தார். விளக்கை அணைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்த கபாலோ, பீரங்கியால் சுட்டது. கப்பெல்லினி திருப்பிச் சுட்டு மூழ்கடித்தது. அப்போது பெல்ஜியமும் இத்தாலியும் முறைப்படி ஒன்றோடொன்று போரில் இல்லை என்பது வேறு விஷயம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பேர் வாங்கிக் கொடுத்தது. உயிர்தப்பிய 26 பேர் இருந்த படகைத் தோதாரோ கயிறு கட்டி இழுத்துக்கொண்டு கிளம்பினார். நீர்மூழ்கி ஒன்று மேலே மிதந்தபடி, படகை இழுத்துக்கொண்டு, மெதுவாகப் போகிறது என்றால் எந்த விமானத்துக்கும் எந்த நாசகாரிக் கப்பலுக்கும் அதைவிட வசதியான இலக்கு கிடையாது. அலையில் கயிறு அறுந்தது. மறுபடி கட்டினார்கள்; மறுபடி அறுந்தது. படகும் ஒழுக ஆரம்பித்தது. கடைசியில் அத்தனை பேரையும் கப்பலிலேயே ஏற்றிக்கொண்டு, அசோர்ஸ் தீவுக்கூட்டத்தின் சாந்தா மரியா தீவில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். ஜெர்மன் நீர்மூழ்கிப் படையின் தலைவர் டோனிட்ஸுக்கு இது பிடிக்கவில்லை. ராணுவக் கணக்கில் பார்த்தால் அவர் ஆட்சேபம் நியாயம்தான். ஆனால் அந்த 26 பேரின் குடும்பங்களிடம் அந்தக் கணக்கைச் சொல்லமுடியாது.

1941 ஜனவரியில் மேற்கு ஆப்பிரிக்கக் கடலில் ஷேக்ஸ்பியர், யூமேயஸ் என்று இரண்டு பிரிட்டிஷ் கப்பல்கள். யூமேயஸோடு நடந்த பீரங்கிச் சண்டைக்குப் பிறகு விமானத் தாக்குதலில் அடிபட்டு, கானரித் தீவில் ஒட்டுப்போட்டுக்கொண்டு, பிரான்ஸின் போர்தோ நகரில் இருந்த இத்தாலிய நீர்மூழ்கித் தளத்துக்குத் திரும்பியது. 1942 மே மாதம் சுவீடனின் திஸ்னாரென், பிரிட்டிஷ் எண்ணெய்க் கப்பல் டின்ஸ்டேல். அத்தோடு ஐந்து. தோதாரோ அதற்குமுன்பே வேறு பிரிவுக்கு மாறிப் போயிருந்தார். 1942 டிசம்பரில் துனீசியக் கடலில், வேறொரு சிறு கப்பலில் இருந்தபோது விமானத் தாக்குதலில் இறந்தார்.

அதே 1942இல் லக்கோனியா விவகாரத்திலும் கப்பெல்லினி தலைகாட்டியது. செப்டம்பர் 12 அன்று ஜெர்மனியின் யு-156 மூழ்கடித்த லக்கோனியா என்ற பிரிட்டிஷ் கப்பலில் சுமார் 1,800 இத்தாலியப் போர்க்கைதிகள் இருந்தார்கள். தான் மூழ்கடித்தது தன் கூட்டாளி நாட்டு ஆட்களையும் சேர்த்துத்தான் என்று யு-156இன் கேப்டன் ஹார்டென்ஸ்டைனுக்குத் தெரிந்ததும் மீட்பு வேலை தொடங்கியது. கப்பெல்லினியையும் அனுப்பினார்கள். செஞ்சிலுவைக் கொடியை விரித்து, படகுகளை இழுத்துக்கொண்டிருந்த யு-156 மீது அமெரிக்க விமானம் குண்டு போட்டது. இனி மூழ்கும் கப்பல்களின் ஆட்களைக் காப்பாற்றவேண்டாம் என்று டோனிட்ஸ் உத்தரவு போட்டது இதற்குப் பிறகுதான். கப்பெல்லினி தன் பங்குக்குப் படகுகளுக்குத் தண்ணீரும் உணவும் கொடுத்து, ஏற்றிக்கொண்டவர்களில் பெரும்பாலானோரைப் பிரெஞ்சுக் கப்பல் ஒன்றில் ஒப்படைத்தது. கைதிகளாக வந்த இத்தாலியர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை.

இதுவரை போர்க்கப்பல். இனிமேல் சரக்குவண்டி.

1943 வாக்கில் ஜெர்மனிக்கு ரப்பர், வெள்ளீயம், டங்ஸ்டன், கொய்னா எல்லாம் வேண்டும். அவை ஜப்பான் பிடித்து வைத்திருந்த தென்கிழக்காசியாவில் கிடக்கின்றன. ஜப்பானுக்கு ஜெர்மன் ஆயுத நுட்பமும் உலோகங்களும் வேண்டும். சாதாரணச் சரக்குக் கப்பல்களை நேசநாடுகள் வழியிலேயே பிடித்து மூழ்கடித்துவிடுகின்றன. சரி, நீருக்கடியில் அனுப்புவோம் என்று யோசனை வந்தது. ஜெர்மனியின் சொந்த நீர்மூழ்கிப் படகுகளில் இடம் குறைவு; இத்தாலியப் படகுகள் பெரியவை, ஆனால் அட்லாண்டிக் வேட்டைக்கு மெதுவானவை. அதனால் ஒரு பண்டமாற்று: போர்தோவில் இருந்த இத்தாலியப் படகுகளைச் சரக்குக்குக் கொடுத்தால், புத்தம்புதிய VIIC வகை ஜெர்மன் படகுகள் இத்தாலிக்கு.

கப்பெல்லினிக்கு அக்விலா III என்று மறைபெயர் வந்தது. மேல்தளப் பீரங்கிகளைக் கழற்றினார்கள். தாக்குதலுக்கான பெரிஸ்கோப்பையும் எடுத்தார்கள். டார்பிடோக் குழாய்கள் எரிபொருள் தொட்டி ஆகின. எதிரி வந்தால் முங்குவதைத் தவிர வேறு எதுவும் செய்யமுடியாத போர்க்கப்பல்! ஆள் இருக்கும் இடத்திலும் சரக்கு. 1943 மே 11 அன்று சுமார் 160 டன் சரக்கோடு கிளம்பியது: பாதரசம், அலுமினியம், எஃகு, 20 மி.மீ. துப்பாக்கிகள், வெடிகுண்டு மாதிரிகள், டாங்கி வரைபடங்கள். ஆப்பிரிக்காவைச் சுற்றி, எங்கும் நிற்காமல், இரண்டு மாதம். இப்படிக் கிழக்கே கிளம்பிய ஐந்து இத்தாலியப் படகுகளில் தஸ்ஸோலி, பார்பாரிகோ இரண்டும் போனது போனதுதான். கப்பெல்லினி, ஜூலியானி, தொரெல்லி மூன்றும்தான் போய்ச் சேர்ந்தன.

ஜூலையில் கப்பெல்லினி தொட்ட முதல் கரை சுமத்ராவின் வடமுனையில் இருக்கும் சபாங். நம்மில் பலருக்கு இந்தப் பெயர் வேறு வகையில் பழக்கம். ஜெர்மன் நீர்மூழ்கியிலிருந்து நடுக்கடலில் ஜப்பானிய ஐ-29க்கு மாறிவந்த நேதாஜி, அதே ஆண்டு மே மாதம் இறங்கியதும் இதே சபாங்கில்தான். கப்பெல்லினி சிங்கப்பூரை அடைந்த அதே ஜூலையில்தான் அவர் அங்கே இந்திய சுதந்திர லீக்கின் தலைமையை ஏற்றார். இந்த இரண்டு பயணத்துக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் ஐரோப்பாவுக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே அச்சு நாடுகளுக்கு நீர்மூழ்கியைத் தவிர வேறு வழி அநேகமாக மிச்சமில்லை என்பதற்கு இரண்டுமே சாட்சி.

திரும்பிப் போக மலாயா ரப்பர் ஏற்றவேண்டும். அந்தப் பால்மரக் காடுகளில் மரம் சீவியவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். அதே சமயத்தில் அவர்களை ஆயிரக்கணக்கில் சயாம் ரயில்பாதை வேலைக்கு ஜப்பானியர் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். நீர்மூழ்கி வரலாறுகளில் "இத்தனை டன் ரப்பர்" என்ற ஒரு எண்ணோடு இந்தப் பகுதி முடிந்துவிடும்.

கப்பெல்லினி திரும்பவில்லை. செப்டம்பர் 8 அன்று இத்தாலி நேசநாடுகளோடு போர்நிறுத்தம் செய்துகொண்ட செய்தி வந்தது. தூரத்தில் இருந்த இத்தாலியக் கப்பல்கள் ஒவ்வொன்றும் அந்த நிமிடம் எங்கே நின்றது என்பதைப் பொறுத்தே அதன் தலைவிதி அமைந்தது. நீர்மூழ்கிகளுக்குத் துணையாக இருந்த எரித்ரேயா என்ற கப்பல் அப்போது சிங்கப்பூருக்கும் சபாங்குக்கும் நடுவே கடலில் இருந்தது. செய்தி கேட்டதும் முழுவேகத்தில் ஓடி, ஜப்பானியர் தேடலுக்குத் தப்பி, கொழும்பு போய்ச் சேர்ந்துவிட்டது. இந்துமாக்கடலில் இருந்த கஞ்ஞி என்ற நீர்மூழ்கி தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் போய்ச் சரணடைந்தது. துறைமுகத்தில் மாட்டிக்கொண்ட கப்பெல்லினி, ஜூலியானி, தொரெல்லி மூன்றையும் ஜப்பானியர் பிடித்து ஜெர்மானியரிடம் கொடுத்தார்கள். ஜூலியானி யுஐடி-23, கப்பெல்லினி யுஐடி-24, தொரெல்லி யுஐடி-25.

மாலுமிகளுக்கு இரண்டு வழி. ஜெர்மனியோடு சேர்ந்தே நின்ற முசோலினி பக்கம் நிற்கிறேன் என்றால் கப்பலில் வேலை தொடரலாம், ஜெர்மன் அதிகாரியின் கீழ். இல்லை என்றால் ஜப்பானியச் சிறைமுகாம். கணிசமானவர்கள் முதல் வழியை எடுத்தார்கள். இதை வெறும் கொள்கைப்பற்று என்று படிக்கக்கூடாது என்பது என் கருத்து. அந்தக் காலத்து ஜப்பானியக் கைதி முகாம் எப்படி இருந்தது என்பதை சிங்கப்பூரில் இருந்தவர்கள் கண்ணால் பார்த்திருப்பார்கள். ஜெர்மானியருக்கும் அவர்கள் இல்லாமல் முடியாது. கருவிகளில் எழுதியிருப்பது இத்தாலிய மொழியில். எந்த வால்வைத் திருகினால் எந்தத் தொட்டி நிரம்பும், முங்கும்போது படகு எந்தப் பக்கம் தலை சாயும் என்பதெல்லாம் கைப்பழக்கம். நீர்மூழ்கியில் ஒரு வால்வு தவறினால் எல்லாரும் சாவார்கள். அதனால் கொடியும் கேப்டனும் மாறினாலும் எஞ்சின் அறையில் பழைய ஆள்களும் இருந்தார்கள். யுஐடி-24இன் புதிய கேப்டன் ஹைன்ரிஷ் பாஹ்ல்ஸ் என்ற ஜெர்மானியர். ஆட்கள் பாதி ஜெர்மன், பாதி இத்தாலி.

1944 பிப்ரவரி 8 அன்று ரப்பரும் வெள்ளீயமும் டங்ஸ்டனும் ஏற்றிக்கொண்டு பினாங்கிலிருந்து பிரான்ஸுக்குக் கிளம்பியது. இவ்வளவு தூரத்துக்கு எண்ணெய் பற்றாது; வழியில் சார்லட் ஷ்லீமன் என்ற எண்ணெய்க் கப்பல் காத்திருக்கும், நிரப்பிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. ஜெர்மன் ரகசியச் செய்திகளைப் பிரிட்டிஷார் படித்துக்கொண்டிருந்தது ஜெர்மானியருக்குத் தெரியாது. பிப்ரவரி 12 அன்று ரிலென்ட்லெஸ் என்ற பிரிட்டிஷ் நாசகாரி அந்த எண்ணெய்க் கப்பலை முடித்துவிட்டது. சரியாக ஒரு மாதம் கழித்து, மார்ச் 12 அன்று, மாற்றாக இருந்த பிராகே என்ற இன்னொரு எண்ணெய்க் கப்பலும் போனது. பிரிட்டிஷ் தரப்பிலேயே, இப்படி ஒன்றன்பின் ஒன்றாக அடித்தால் ஜெர்மானியருக்குச் சந்தேகம் வந்துவிடாதா என்று கவலைப்பட்டவர்கள் இருந்தார்கள். நடு இந்துமாக்கடலில் எண்ணெய் இல்லாமல் தவித்த யுஐடி-24, இன்னொரு ஜெர்மன் நீர்மூழ்கியிடம் கொஞ்சம் கடன் வாங்கிக்கொண்டு ஏப்ரல் தொடக்கத்தில் பினாங்குக்கே திரும்பியது. ஏற்றிய ரப்பர் கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தது.

மற்றப் படகுகளின் கதியைப் பார்த்தால் இதுவே அதிர்ஷ்டம். யுஐடி-23ஐ பிப்ரவரி நடுவில் மலாக்கா நீரிணையில் டாலி-ஹோ என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கி டார்பிடோ போட்டு மூழ்கடித்தது. டாலி-ஹோவின் தளம் திருகோணமலை. பினாங்குக்குப் போகவர இருக்கும் வழி குறுகலானது. திருகோணமலையிலிருந்து வந்து அங்கே காத்திருந்தால் இரை தானாக வரும். பிரான்ஸிலிருந்து கிளம்பிய யுஐடி-22 (பழைய பெயர் பஞ்ஞோலினி) மார்ச் 11 அன்று தென்னாப்பிரிக்கக் கடலில் கேட்டலினா விமானங்களிடம் சிக்கி அழிந்தது.

அதன்பின் யுஐடி-24 ஐரோப்பாவை மறந்துவிட்டது. தென்கிழக்காசியத் துறைமுகங்களுக்கும் ஜப்பானுக்கும் நடுவே சரக்கு சுமந்தது, பழுது பார்க்க நின்றது, மறுபடி சுமந்தது. படகுக்கு வயதாகிவிட்டது. எஞ்சினுக்கு ஒரு பாகம் உடைந்தால் அதைச் செய்த தொழிற்சாலை இத்தாலியில். பினாங்கிலோ தேர்ந்த கப்பல்தொழிலாளிகளே குறைவு. ஜெர்மன் மாலுமிகளே ஸ்பேனரை எடுத்துப் பழுது பார்க்கவேண்டிய நிலை.

1945 மே மாதம் ஜெர்மனி சரணடைந்தபோது யுஐடி-24, யுஐடி-25 இரண்டும் ஜப்பானின் கோபேயில் இருந்தன. செப்டம்பர் 1943 மறுபடி நடந்தது; இந்தத் தடவை இறக்கிவிடப்பட்டவர்கள் ஜெர்மானியர்கள். ஜூலையில் ஜப்பானியக் கடற்படை இவற்றுக்கு ஐ-503, ஐ-504 என்று பெயர் போட்டது. சிங்கப்பூரிலும் ஜாவாவிலும் பிடித்த நான்கு ஜெர்மன் படகுகளையும் சேர்த்தால் ஐ-501 முதல் ஐ-506 வரை ஆறு. ஒன்றுகூட ஜப்பானுக்காகத் தாக்குதலுக்குப் போகவில்லை. ஒரு மாதத்தில் போரே முடிந்துவிட்டது. ஐ-503ஐ அமெரிக்கர்கள் எடுத்துக்கொண்டு, 1946 ஏப்ரலில் ஐ-504 உடன் சேர்த்துக் கீ நீரிணையில் மூழ்கடித்தார்கள்.

எதிரியே பிடித்த கப்பல்களாவது நன்றாகச் சண்டை போட்டனவா என்று அடுத்துக் கேட்பீர்கள். அதிகம் சொல்லப்படும் உதாரணம் யு-570. 1941 ஆகஸ்டில் ஐஸ்லாந்துக்குத் தெற்கே ஒரு ஹட்சன் விமானத்திடம் சரணடைந்த ஜெர்மன் படகு இது. பிரிட்டிஷார் இதற்கு கிராஃப் என்று பெயரிட்டு ஓட்டினார்கள். 1942 அக்டோபரில் யு-333 மீது டார்பிடோ விட்டது, படவில்லை. உதிரிபாகம் இல்லாமல் திணறி, 1944 மார்ச்சில் இழுத்துப்போகும்போது கயிறு அறுந்து ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் தரைதட்டியது. ஆனாலும் கிராஃபை வீண் என்று சொல்லமாட்டேன். ஜெர்மன் படகு எவ்வளவு ஆழம் தாங்கும், எவ்வளவு வேகத்தில் திரும்பும் என்பதையெல்லாம் பிரிட்டிஷார் நேரில் சோதித்துத் தெரிந்துகொண்டது அதில்தான். ஜெர்மானியர் பிடித்த பிரிட்டிஷ் சீல் படகை 1941இலேயே ஓரங்கட்டிவிட்டார்கள். ஓரளவு தேறியவை நெதர்லாந்துக் கப்பல்தளங்களில் கட்டி முடியாத நிலையில் ஜெர்மானியர் கையில் சிக்கிய படகுகள். யுடி-3, யுடி-5 இரண்டும் 1942இல் ஆளுக்கொரு கப்பலை மூழ்கடித்தன. அவை புதியவை. கட்டி முடித்தவர்களே ஓட்டவும் செய்தார்கள். பிடிபட்ட பழைய படகுக்கு அந்த வசதி இல்லை.

அப்புறம், அந்தப் பண்டமாற்றில் இத்தாலிக்குக் கிடைத்த VIIC படகுகள் என்ன ஆயின? ஒன்பது படகுகள் பால்டிக் கடலில் கைமாறி, இத்தாலிய மாலுமிகள் அவற்றில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். செப்டம்பர் 8 வந்ததும் ஒன்பதையும் ஜெர்மானியர் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். இத்தாலிக்காக அவற்றில் ஒன்றுகூடப் போருக்குப் போகவில்லை.